எதிரில் இருப்பவர் வைக்கும் விலை

அக்காவிடம் பேனா கேட்டால் உடனே கொடுப்பாள். மூடியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்வாள். மூடி இல்லாத பேனாவை யாரும் மறந்துபோய்ச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போக மாட்டார்கள். அவளோடு வேலை பார்த்த ஐந்து வருஷத்தில் அவள் ஒரு பேனாவைக்கூடத் தொலைத்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒரு மாணவி மாமா மகள் கல்யாணம் என்று இரண்டு நாள் லீவு கேட்டு வந்து நின்றாள். "போயிட்டு வா, தாராளமா போ" என்றாள் அக்கா. அந்தப் பெண் சந்தோஷமாகத் திரும்பியதும், "வந்த அன்னைக்கு முப்பது கீபோர்டையும் தொடச்சு வச்சுரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போனாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கீபோர்டுகள் தூசியோடுதான் இருந்தன.

இரண்டாயிரத்து ஒன்று, இரண்டு வாக்கில் நடந்தது இது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடை, அதற்கு மேல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். அக்காதான் மூத்த டீச்சர். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. நான் வாசல் மேசையில் உட்கார்ந்து அட்மிஷன் போடுவேன். பாண்டி மிஷின்களை ரிப்பேர் பார்ப்பான். அருள் டைப்பிங். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் எல்லாம் அவன் விரலில்தான். அவ்வளவு வேகமாக அடிக்கும் ஆளுக்கு வாய் மட்டும் திக்கும். 'க'வும் 'ப'வும் வந்தால் போதும், கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு மேல் நாங்கள் நாலு பேரும் அங்கே கூடி விளையாடுவோம். பாண்டியின் சொந்தக்காரப் பையன் பெங்களூரிலிருந்து வந்தபோது ஒரு தடிமனான இங்கிலீஷ் செராக்ஸ் கட்டை விட்டுவிட்டுப் போயிருந்தான். ஒருவர் கதை நடத்துவார், எங்களுக்கு அது அக்கா. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, அந்த ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்லி ஆட வேண்டும். வெட்டு விழுந்ததா, கதவு திறந்ததா என்பதை எண் முடிவு செய்யும். அதற்கு இருபது பக்கமுள்ள பகடை வேண்டும் என்று போட்டிருந்தது. திண்டுக்கல்லில் எங்கே போவது? அக்கா இருபது புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து, நெயில் பாலிஷால் ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்க வேண்டும். பாட்டிலில் கடைசி வரை எலுமிச்சை வாசனை போகவில்லை.

புத்தகத்தை அவளே தமிழில் எழுதினாள். வாள்வீரன், மந்திரக்காரி, திருடன் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கருவிக்காரன் என்று ஒருவன், கருவிகள் கண்டுபிடித்துச் செய்கிறவன், பொருளடக்கத்தில் மட்டும் இருந்தான். அவனைப் பற்றிய கடைசி முப்பது பக்கம் செராக்ஸில் விட்டுப்போயிருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த வேஷம்தான் வேண்டும் என்று அடம். "சரி, நானே செய்யுறேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் தலையில் அது ஒன்றுதான் ஓடியது. வாள்வீரனிடம் இருப்பது ஒரு வாள். மந்திரக்காரிக்கு நாளைக்கு நாலு மந்திரம். கருவிக்காரன் நினைத்ததை எல்லாம் செய்யலாம் என்றால் அவனுக்கு எல்லை எது? முதல் வாரம் பாண்டி ஒரு புகைப் பானை செய்தான். எறிந்தால் எதிரில் இருக்கிற எல்லோருக்கும் கண் தெரியாது. மூன்று மணிக்குள் ஏழு தலை நாகத்தைக் கொன்றுவிட்டு டீ குடிக்க இறங்கிவிட்டோம். அக்கா அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். அடுத்து ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை பித்தளை, இத்தனை சுருள்கம்பி என்று வைத்துப் பார்த்தாள். பாண்டி சண்டைக்கே போகாமல் குப்பைமேடு குப்பைமேடாகப் பித்தளை பொறுக்கிக்கொண்டிருந்தான். கதைக்குள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று வைத்தாள். அடுத்த நாள் பிறக்கட்டும் என்று அவன் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு எல்லோரையும் படுத்துத் தூங்கச் சொன்னான். "ஏலே, நீ காவியத்துல வார ஆளா, லாட்ஜுல தங்க வந்தவனா?" என்று கேட்டாள்.

கடைசியில் அவள் கண்டுபிடித்த விதி இதுதான். கருவி என்ன செய்யும் என்பதைச் செய்கிறவர் எழுத வேண்டும். அதற்கு என்ன விலை என்பதை மேசையில் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுத வேண்டும். ஒத்துக்கொண்டால் கையெழுத்து, இல்லையென்றால் கருவியைக் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான். பேரம் கிடையாது. அக்கா படித்துப் பார்த்து, சிவப்பு மையில் 'சரி' என்று எழுதினால்தான் அது விளையாட்டுக்குள் வரும். அந்தத் தாள்களை அவள் ஒரு நோட்டில் ஒட்டி வைப்பாள்.

"அதெப்படிக்கா சரின்னு கண்டுபுடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்கும்போது கையப் பாப்பேன். டக்குனு எடுத்தா வெலை கம்மி. எடுக்கவே இல்லன்னா வெலை ஜாஸ்தி. எடுப்பமா வேணாமான்னு கை செத்த நேரம் நிக்கணும். நின்னா சரியா இருக்கு."

நான் ஓர் இரும்புக் கிளி செய்தேன். பறந்துபோய் எதிரி பேசுவதைக் கேட்டு வந்து சொல்லும். பாண்டி வைத்த விலை, கிளி திரும்பும் வரை எனக்குக் காது கேட்காது. புகைப் பானைக்கு நான் வைத்த விலை, எறிந்தவனுக்கும் இருமல் வந்து, அவன் ஆடும் முறை ஒன்று பறிபோகும். அருமையாக இருந்தது. இரண்டு மாதம் அந்த மாதிரி சந்தோஷமாக நாங்கள் எதையும் செய்ததில்லை. அருள்கூட அந்த மேசையில் மட்டும் அதிகம் திக்காமல் பேசினான். இன்னொரு ஆளாக மாறிப் பேசும்போது வாய்க்குள் இருக்கும் பூட்டு கழன்றுவிடுகிறது என்று அவனே ஒரு நாள் என்னிடம் சொன்னான்.

அப்புறம்தான் அக்காவுக்குச் சலித்தது. "இதெல்லாம் காயிதத்துல இருக்குறவனுக்குத்தான் வலிக்குது. ஒங்களுக்கு வலிக்கலையே" என்றாள். அடுத்த வாரம் முதல் ஆடுகிறவர்மீதும் விலை வைக்கலாம் என்று விதியை மாற்றினாள். முதல் பலி பாண்டி. புகைப் பானையை எறிந்தால் அன்றைக்கு அவனுக்கு டீ கிடையாது, மற்றவர்கள் அவன் முகத்துக்கு முன்னால் வைத்துக் குடிப்பார்கள். எழுதியது நான்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த இடத்தில் ஒரு குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா தன் குடையை நீட்டினாள். கையை நீட்டினேன், விடவில்லை. "ஒன்னப் பத்தி இங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லு. கொடை ஒனக்குத்தான்." எனக்கு அது செல்லமாகத்தான் பட்டது. பிளஸ் டூ கணக்கில் முதல் தடவை நான் பதினோரு மார்க் வாங்கி ஃபெயில் என்பதைச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனேன். சென்டரில் வேலைக்குச் சேரும்போது அதை மறைத்திருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் ஓர் ஏணி செய்தேன். எந்த மதிலையும் எட்டும் ஏணி. எதிரில் இருந்த பாண்டி விலை எழுதி நீட்டினான். ஏணியை விரிக்கும் ஒவ்வொரு தடவையும் நான் என் பிளஸ் டூ கணக்கு மார்க்கைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"கொடைய நீ திருப்பித் தரலையே, புள்ள."

உண்மைதான், தரவில்லை. அன்றைக்கு மூன்று தடவை ஏணியை விரித்தேன். மூன்று தடவையும் பதினொன்று என்று சொன்னேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அவளை அடியோடு வெறுத்தேன். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அதற்கு என்ன காரணம் சொல்வது? விளையாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த மாதம் முதலாளி ஒரு செய்தி சொன்னார். சாயங்கால பேட்ச் ஒன்று புதிதாகத் தொடங்கப் போகிறார். அதற்கு வெளியிலிருந்து ஆள் எடுக்காமல் எங்களில் ஒருவரையே டீச்சராகப் போடுவார். அருள் அல்லது நான். அருளுக்கு எல்லாப் பாடமும் அத்துப்படி. வாய்தான் சந்தேகம். "ஒரு மாசம் டைம் தாரேன். முன்னால நின்னு பேசிருவியா?" என்று முதலாளி கேட்டபோது, அருள் தலையை ஆட்டினான். அவன் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத்தான் பயன்படுத்தினான். ஒரு மணிக்கே வந்து காலி வகுப்பில் போர்டு முன்னால் நின்று தனக்குத்தானே பாடம் எடுப்பான். நான் படியேறும்போது கேட்கும். நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தான். டைப் அடிக்கிறவன் என்ற பேர் போய், சார் என்று நாலு பேர் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு ஆசை. எனக்கும் அதே ஆசைதான்.

மூன்றாவது வாரம் அருள் ஒரு கருவி எழுதிக் கொண்டுவந்தான். பேச்சுப் பெட்டி. பித்தளைப் பெட்டி, உள்ளே ஒரு குரல். திறந்தால் அரசனின் குரலில் கட்டளை போடும், காவலாளி யாராக இருந்தாலும் அடிபணிவான். அவன் அதை விவரித்தபோது ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. பாண்டி கைதட்டினான். அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்த வரிசையில் அருளுக்கு எதிரில் இருந்தது நான்.

யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. இப்படி எழுதினேன்: 'பெட்டி சொல்ல வேண்டியதை முதலில் ஆடுபவர் எழுந்து நின்று, தன் வாயால், ஒரே மூச்சில், தடங்காமல் சொல்ல வேண்டும். தடங்கினால் பெட்டி உடைந்துவிடும்.'

அக்கா படித்தாள். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளை அவன் பக்கம் தள்ளினாள். "ஏலே அருளு, ஒத்துக்கிறியா? இல்ல கிழிச்சுருவமா?"

அருள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். அக்கா சிவப்பு மையில் 'சரி' என்று எழுதினாள்.

அன்றைக்குக் கதையில் நாங்கள் மூவரும் ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்டோம். கதவுக்கு முன்னால் நாற்பது காவலாளிகள். பாண்டியின் பானை தீர்ந்துவிட்டது. என் ஏணி எரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது பெட்டிதான். அருள் எழுந்து நின்றான். 'கதவைத் திற, இது அரசன் ஆணை' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தான். க என்ற எழுத்து தொண்டையில் நின்றுகொண்டது. கழுத்து நரம்பு எழும்பியது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே செருப்புக் கடையில் யாரோ ஒன்பதாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை. அக்கா பேனாவைக் கையில் பிடித்தபடி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எத்தனை வினாடி என்று விதியில் எழுதவில்லை, அதனால் அவள் நிறுத்தவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை அவன் அந்த எழுத்தோடு நின்றான்.

"ஒடஞ்சு போச்சு" என்றாள் அக்கா கடைசியில். பெட்டியின் பெயரை அடித்தாள். "அடுத்தது யாரு?"

திங்கட்கிழமை அருள் முதலாளியிடம் போய் வகுப்பு வேண்டாம் என்று சொன்னான். எழுதிக் காட்டினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் முதல் சாயங்கால பேட்சுக்கு நான் டீச்சர். அருள் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினான். பொங்கலுக்குப் பிறகு சென்டருக்கு வருவதையும் நிறுத்தினான்.

நான் பழியை முழுக்க அக்காவின் தலையில் கட்டினேன். அவள் விதி, அவள் சிவப்பு மை, அவள் கல்நெஞ்சு. பாண்டியிடமும் வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

பாண்டியும் கொஞ்ச நாளில் திருப்பூர் போய்விட்டான். ஞாயிறு மதியம் நானும் அக்காவும் மட்டும் மிஞ்சினோம். ஒரு நாள் அவள், "இன்னைக்கு நீ நடத்து. நான் ஆடுறேன்" என்றாள். முதல் தடவையாக அவளே ஒரு கருவி செய்தாள். மடக்குப் பாலம். உள்ளங்கையில் அடங்கும், விரித்தால் எந்தப் பள்ளத்தையும் கடக்கலாம். அவளுக்கு எதிரில் நான்.

அவளைப் பற்றி ஊருக்கே தெரிந்த ஒன்று உண்டு. யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். எங்கள் மாதா கோயில் பங்கில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று மூன்று தடவை. அக்காவுக்கு இருபத்தாறு வயதில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் யாரிடமோ எதையோ கேட்டுவிட்டு முந்தின நாளே நிறுத்திவிட்டார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. புதுப் புடவையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது பதினாலு வயது, இரண்டு பெஞ்ச் பின்னால் இருந்தேன். சாமியார் அறிவிப்புத் தாளை மடித்து வைத்த பிறகும் அவள் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எழுதினேன்: 'பாலத்தை விரிக்கும் முன் ஆடுபவர் அதை மூன்று முறை சத்தமாக அறிவிக்க வேண்டும். மூன்றாவது முறை, எதிரில் இருப்பவர் விரும்பினால் தடை சொல்லலாம்.'

அவள் படித்தாள். தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள். மறுபடி எடுத்துப் படித்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன், கிழிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தானே சிவப்பில் 'சரி' என்று எழுதினாள்.

பள்ளத்தின் விளிம்பு வந்தது. பின்னால் துரத்திக்கொண்டு வந்தார்கள். பாலத்தை எடுக்கும் முன் அவள் கை மேசைமேல் செத்த நேரம் நின்றது. பிறகு, "பாலம் விரியுது" என்றாள். "பாலம் விரியுது" என்றாள் மறுபடி. மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது.

"தடை இருக்கு" என்றேன்.

அவள் தன் ஆளின் பெயருக்கு நேராக 'இறந்தாள்' என்று எழுதினாள். ஊறுகாய் பாட்டிலை மூடினாள். "நல்ல வெலை. ஒனக்கு வெலை வைக்கத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். அதில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. டீ கிளாஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அழவில்லை.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் சென்டரை மூடிவிட்டார்கள். அக்காவுக்கு வெளியூரில் ஒரு ஹாஸ்டலில் வார்டன் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். கிளம்பும் நேரத்தில் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து நீட்டினாள். எல்லாக் கருவியும், எல்லா விலையும் இருந்த நோட்டு. நான் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"அருளு அகரத்துல செராக்ஸ் கடை வச்சிருக்கான், தெரியும்ல? அவன் பக்கத்த அவன் முன்னால நின்னு, ஒன் வாயால, தடங்காம வாசிச்சுக் காட்டணும். எங் கையால எழுதுனதையும் சேத்துத்தான். ஒத்துக்கிறியா?"

தலையை ஆட்டினேன். நோட்டை விட்டாள். "வாரேன் புள்ள" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். பாலத்தின் பக்கத்தில் சிவப்பு 'சரி' அப்படியே இருந்தது. பேச்சுப் பெட்டியின் பக்கத்தில் அந்தச் 'சரி'யை அடித்திருந்தாள். நான் எழுதிய விலைக்குக் கீழே பென்சிலில், அன்றைக்கே எழுதியது போல மங்கலாக இருந்தது: 'இது கருவிக்கு வைத்த விலை அல்ல. ஆளுக்கு வைத்தது. வகுப்புக்காக வைத்தது. எழுதியவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

இப்போது நான் தாடிக்கொம்புக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ் அகரத்தில் நிற்கும். ஜன்னலிலிருந்தே கடை தெரியும். நீலப் பலகை, மிஷினின் பச்சை வெளிச்சம், அதற்கு முன்னால் குனிந்து நிற்கும் அருள். எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு அவன் விரலைக் காட்டுகிறான். நோட்டு என் பையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பையின் ஜிப்பில் கையை வைக்கிறேன். கை செத்த நேரம் நிற்கிறது. கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார்.